கை வைக்க இடமிருந்த வண்டி

இரவு ஒன்பதரை மணி இருக்கும். பொள்ளாச்சியில் என் அப்பா வீட்டில் விருந்து முடித்துவிட்டு கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் ஏழு மாத வயிற்றோடு என் மகள் சாய்ந்திருந்தாள்.

கிணத்துக்கடவு தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. என்ன என்று பார்ப்பதற்குள் வண்டியின் வேகம் தானாக இறங்கியது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. ஓரங்கட்டினேன். எஞ்சின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.

வாங்கி நான்கு வருஷம்கூட ஆகாத கார். உதவி எண்ணுக்கு போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பழுதுக்கு மூன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு முடித்தபின் ஒரு பெண் பேசினார். வண்டியை இழுத்துப்போக லாரி வரும், குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கணவர் வேலையாகத் திருப்பூரில் இருந்தார். வேறு யோசிக்கத் தோன்றவில்லை. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“எங்க நிக்கறீங்க? கதவைப் பூட்டிட்டு உள்ளயே உக்காருங்க அம்மிணி. இதா வந்தர்றேன்.”

அப்பாவுக்கு வயது 77. அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டுவிட்டது. ‘கடகட’வென்று நெல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு டீசல் சத்தம். எங்கள் வீட்டு அம்பாசிடர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

தோளில் துண்டு, கையில் டார்ச்சோடு அப்பா இறங்கினார். என் காரின் பானெட்டைத் திறந்தார். உள்ளே பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி. டார்ச் வெளிச்சத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் மெதுவாக ஓட்டினார். ஒயர்கள், குழாய்கள், மறுபடியும் மூடிகள். சற்று நேரம் அப்படியே நின்றார்.

“இதுல கை வைக்க எடமே இல்லியே அம்மிணி” என்றார்.

அதில் கேலி இல்லை, பெருமையும் இல்லை. ‘என்னால் ஆகவில்லையே’ என்ற வருத்தம்தான் இருந்தது. என் நினைவில், ஒரு வண்டியின் முன்னால் அப்பா தோற்று நின்றது அன்றைக்குத்தான்.

பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்க் பையன்கள் காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். மகளை அம்பாசிடரின் பின்சீட்டில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தோம். கோவை வரைக்கும் அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு குழி விடாமல் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, ஒரு சென்சார் போய்விட்டது என்றார்கள். விரல் நீளம்தான் இருந்தது. கூலியோடு சேர்த்து ரூ.11,400 கட்டினேன்.

ஆறு பவுன் வண்டி

அந்த அம்பாசிடர் எங்கள் வீட்டுக்கு 1985-ல் வந்தது. அதுவரை அப்பா பொள்ளாச்சி ஸ்டாண்டில் இன்னொருவரின் டாக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் ஆறு பவுன் நகையும் பேங்க் கடனும் சேர்ந்து, மார்க் 4 டீசல் வண்டியாக வாசலில் நின்றது. வெள்ளை நிறம். ‘ஆறு பவுன் எங்கே’ என்று யாராவது கேட்டால், அம்மா வாசலைக் காட்டிச் சிரிப்பார்.

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற காரை அடிப்படையாகக் கொண்டது அம்பாசிடர். கொல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950-களின் இறுதியில் தயாராக ஆரம்பித்து, 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. இடையில் எஞ்சின் மாறியது, முன்பக்க கிரில் மாறியது. ஆனால் அந்த உருண்டை உருவம் கடைசி வரை மாறவில்லை. மந்திரிக்கும் அதே வண்டி, கலெக்டருக்கும் அதே வண்டி, எங்கள் அப்பாவுக்கும் அதே வண்டி. 2013-ல் பி.பி.சி-யின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் உலக நாடுகளின் டாக்ஸிகளைப் போட்டிக்கு விட்டபோது ஜெயித்ததும் அம்பாசிடர்தான். 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பியூஜோ நிறுவனம் வாங்கியது. இந்தச் செய்தியைச் சொன்னபோது, “பேரு மட்டும் எம்பது கோடியா? அப்ப நம்ம வண்டியோட மத்த சாமானெல்லாம்?” என்று கேட்டார் அப்பா.

சாமான் என்று பார்த்தால் அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஸ்பீடு காட்ட ஒரு முள், டீசல் காட்ட ஒரு முள், சூடு காட்ட ஒரு முள். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. எஞ்சினை நிறுத்தக்கூடச் சாவி போதாது, ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தனியாக நிற்கும். சுற்றிலும் தரை தெரியும். இரண்டு பக்கமும் கையை விட்டு வேலை பார்க்கலாம்.

டிக்கியில் ஒரு காக்கிப் பை இருக்கும். ரிங் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபேன் பெல்ட், கொஞ்சம் ஒயர். கூடவே ஒரு பார் சோப், ஒரு மஞ்சள் தூள் பாக்கெட். சின்ன வயதில் அது எனக்குப் புரியாத புதிர். டீசல் டேங்கில் கசிவு வந்தால் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பார். ரேடியேட்டரில் சின்ன ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூளைத் தண்ணீரோடு கரைத்து ஊற்றுவார். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் தாங்கும். “சமையக்கட்டுல இருக்கறதுல பாதி வண்டிக்கும் ஆகும்” என்பார் அம்மாவிடம்.

மலையில் கற்ற பாடம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவுக்கு அதில்தான் பாதிப் பிழைப்பு. எஸ்டேட்டுக்குப் போகும் வாத்தியார்கள், நர்ஸுகள், பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆளேற்றிய டீசல் அம்பாசிடருக்கு அந்த மலை லேசானதல்ல. முக்கி முனகிக்கொண்டுதான் ஏறும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட் பக்கம் நிறுத்தி, சூடு தணியவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்ப்பார். பாறையில் வரையாடுகள் நின்று எங்களை வேடிக்கை பார்க்கும்.

1987 கோடை விடுமுறை. எனக்கு 13 வயது. ஒரு எஸ்டேட் டீச்சரையும் அவர் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். பாதி மலைக்கு மேல் ஏறியிருப்போம். இருட்டிவிட்டது. வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

யானை நடமாடும் இடம் என்று டீச்சரின் மாமியார் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். அப்பா ஒரு பதற்றமும் இல்லாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பானெட்டைத் தூக்கினார்.

“அம்மிணி, டார்ச்சைப் புடி. வண்டி நிக்குதுன்னா மூணே காரணந்தான். டீசல் வரோணும், காத்து வரோணும், உள்ள சூடு இருக்கோணும். இதுல எது இல்லீன்னு ஒண்ணொண்ணாப் பார்த்தாச் சரியாப் போயிரும். பயந்தம்னா மூணையும் மறந்துருவோம்.”

டீசல் போகும் குழாயில் காற்று புகுந்திருந்தது. ஃபில்டரின் தலையில் ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். கீழே டீசல் பம்ப்பின் சின்ன நெம்புகோலைக் காட்டி, “கட்டை விரல்ல மேலயும் கீழயும் அடி” என்றார். அடித்தேன். திருகு வழியாக நுரை வந்தது. “நிறுத்தாத.” விரல் வலித்தது. நுரை, பிறகு குமிழி, பிறகு ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமாக டீசல். அப்பா திருகை இறுக்கினார். ஹீட்டர் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, ‘கடகட’ என்று உயிர் பிடித்தது.

பாவாடையெல்லாம் டீசல். ஆனால் அந்த நிமிஷம் நான் அடைந்த சந்தோஷத்தைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் தரவில்லை, பேங்க் வேலைக்கான ஆர்டரும் தரவில்லை. இருட்டில் செத்துப்போன ஒரு வண்டியை என் கட்டை விரல் எழுப்பியிருக்கிறது!

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் இரண்டு வண்டிகள் எங்களைக் கடக்க வந்தன. இரண்டுமே நின்றன. ஒரு டீத்தூள் லாரி, ஒரு ஜீப். “என்னாச்சுங்கண்ணா?” என்று இறங்கி வந்தார்கள். பானெட்டைத் தூக்கி நிற்கும் வண்டியை யாரும் கடந்து போகாத காலம் அது. அன்றைக்கு மனிதர்கள் நல்லவர்கள், இன்றைக்குக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு நின்றால் ஏதாவது செய்ய முடிந்தது. ஒரு ஸ்பேனர் கொடுக்கலாம், தள்ளிவிடலாம், டார்ச் பிடிக்கலாம். கிணத்துக்கடவில் என் காரைக் கடந்து போனவர்கள் நின்றிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? என் அப்பாவாலேயே முடியவில்லையே.

பழைய வண்டிகள் மேல் இப்போது இளைஞர்களுக்கு ஒரு மோகம் வந்திருக்கிறது. எங்கள் அம்பாசிடர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள். அதன் வட்ட விளக்குகளும் உருண்டை உடம்பும் அழகுதான். ஆனால் எனக்கு அதன் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. அது தன்னிடம் எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஏழாம் வகுப்பு படித்த என் அப்பா அதை முழுசாகப் புரிந்துகொள்ள முடிந்தது. புரிந்ததை 13 வயது மகளுக்குக் கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கவும் முடிந்தது.

ஏழு தையல்

இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்லிவிட வேண்டும்.

1993-ல் ஒரு மழை நாள். உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. அப்பா பிரேக் மிதித்தார். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளிய மரத்தில் மோதியது. பெரிய வேகம் இல்லை. வண்டிக்கு பம்பரும் ஒரு விளக்கும்தான் போனது. முன்சீட்டில் இருந்த அம்மாவின் நெற்றி டேஷ்போர்டில் மோதி ஏழு தையல் போட்டார்கள். எங்கள் வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. ஏர் பேக் என்ற சொல்லே அப்போது எங்களுக்குத் தெரியாது.

அம்மா அந்தத் தழும்பை மறைக்கக் குங்குமத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைக்க ஆரம்பித்தார். 2016-ல் அவர் போகும் வரைக்கும் அந்த விபத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை.

‘அந்தக் கால வண்டி இரும்பு மாதிரி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். அதனால் மோதும்போது இடி முழுக்க உள்ளே இருப்பவருக்கு வந்து சேரும். இன்றைய காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குவது குறை இல்லை. அடியைத் தானே வாங்கிக்கொள்வதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். புகையும் அப்படித்தான். எங்கள் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர்களிடம் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

2010-ல் அப்பா ஸ்டாண்டை விட்டார். டி போர்டை ஓன் போர்டாக மாற்றி வண்டியை வீட்டோடு வைத்துக்கொண்டார். இந்த வருஷம் மறுபதிவுக்கு நாள் நெருங்கியது. 2022 ஏப்ரலில் 15 வருஷம் தாண்டிய கார்களுக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். “பழைய இரும்பு விலைக்குப் போட்டாலும் லாபம்தான். இந்த வயசுல அப்பா இதை ஓட்டோணுமா?” என்றான் அண்ணன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

இரண்டு வண்டிகள்

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாள். எனக்குப் பயம் ஆரம்பித்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாருமே அந்த அம்பாசிடரில்தான் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் பிள்ளைகள், என் மகள் என்று ஒருவர் பாக்கியில்லை. அப்பா யாரையும் கேட்கவில்லை. முந்தின நாளே வண்டியைக் கழுவி, சீட்டுக்கு வெள்ளை உறை மாட்டி, எலுமிச்சம்பழம் கட்டி, பொள்ளாச்சியிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளையோ தன் காரின் பின்சீட்டில் குழந்தைக்கென்று தனி சீட் வாங்கிப் பொருத்தி வைத்திருந்தார். “அத்தை, அப்பிச்சிகிட்ட நீங்கதான் சொல்லோணும்” என்று என்னிடம் கிசுகிசுத்தார். மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடையாக நடந்தேன். வார்த்தை வரவில்லை.

அப்பா அந்தக் காரின் கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனார். குனிந்து அந்தக் குட்டி சீட்டைப் பார்த்தார்.

“இது எப்படிங்க மாப்பிள்ளை நிக்குது?”

மாப்பிள்ளை காட்டினார். பெல்ட் எந்த வழியாகப் போகிறது, எங்கே மாட்டுகிறது, திடீரென்று இழுத்தால் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று. அப்பா தானே பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்தது. வெடுக்கென்று இழுத்தார். பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஒரு புது ஸ்பேனரைக் கையில் வாங்கிப் பார்க்கிற அதே கவனம்.

“உங்கம்மாளுக்கு இது இருந்திருந்தா...” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். முடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். “கொழந்தையை இதுலயே ஏத்துங்க. நான் பின்னால வர்றேன்.”

கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து மாப்பிள்ளை காரின் முன்னால் கட்டியதும் அவர்தான்.

மகளும் குழந்தையும் அந்தக் காரில் போனார்கள். பாட்டி என்ற முறையில் நானும் அதில்தான் ஏறியிருக்க வேண்டும். சம்பந்தியம்மாவை ஏறச் சொல்லிவிட்டு, நான் அம்பாசிடரின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஏழு தையல் போட்ட அதே இடம். வழியெல்லாம் அப்பா முன்னால் போன காரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வேறெந்த வண்டியையும் இடையில் புகவிடவில்லை. வீடு வந்து இறங்கும்போது, “நல்ல வண்டி. ஆட்டமே இல்ல” என்றார். எந்த வண்டியைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதமே மறுபதிவுக்குப் பணம் கட்டினேன். அண்ணனும் பாதி கொடுத்தான். இரண்டு நிபந்தனைகள் போட்டோம். ராத்திரியில் ஓட்டக் கூடாது, ஊரை விட்டு வெளியே தனியாக எடுக்கக் கூடாது. அப்பா ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஒத்துக்கொண்டார். நானும் ஒரு காரியம் செய்தேன். மாதம் ஒரு ஞாயிறு பொள்ளாச்சி போய், ஆயில் பார்க்கிறேன், ஃபில்டர் கழற்றி மாட்டுகிறேன். போன தடவை மாப்பிள்ளையும் வந்து டார்ச் பிடித்தார். பம்ப்பின் நெம்புகோலைக் காட்டி, “கட்டை விரல்ல அடிங்க” என்றேன். இப்போதும் முதலில் நுரைதான் வருகிறது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, விளக்கு போட்டுப் பார்த்து, பிரேக் அடிக்கச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓடலாம். ஆர்.சி-யை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தேதியை இரண்டு தடவை படித்தார் அப்பா.

“இதுக்கு அஞ்சு வருஷம் குடுத்துட்டாங்க அம்மிணி” என்று சிரித்தார். “எனக்கு எந்த ஆபீஸுல எஃப்.சி. பண்றாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு.”